நெடுந்தீவில் ஓர் இரவு: முதன்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

நெடுந்தீவுக்குப் போய்வந்ததாகச் சொல்கிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தீவைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. காலைப் படகில் போய் இறங்குகிறார்கள். வெய்யில் ஏறும் நேரத்தில் ஓட்டோவில் குந்தி, பெருக்க (பாவோபாப்) மரத்தின் முன்னால் ஒரு படம், கோட்டையின் முன்னால் ஒரு படம் என்று எடுத்து முடிக்கிறார்கள். பிற்பகல் படகு போய்விடுமோ என்ற பதற்றத்தோடு ஒன்றரை மணிக்கே துறையில் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது நாலைந்து மணி நேரம். அதுவும் நாளிலேயே கடுமையான நேரம். கடைசிப் படகு புறப்பட்ட பிறகு தீவில் பேச்சுச் சத்தம் அடங்கி, வெய்யில் சரிந்து, குதிரைகள் தண்ணீர் தேடி வரும். அந்த நெடுந்தீவைப் பார்க்க வேண்டுமானால் சனி இரவு அங்கே தங்க வேண்டும். இந்தக் கட்டுரை அப்படித் தங்கப் போகிறவர்களுக்கானது.

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, பாலமோ, கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி வீதியோ இல்லாமல் கடலுக்குள் தனித்துக் கிடக்கும் தீவு நெடுந்தீவு. எட்டுக் கிலோமீட்டர் அளவு நீளம், ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர் பரப்பு. குடியிருப்போர் நாலாயிரம் பேர் அளவில்தான். போரும் தண்ணீர்த் தட்டுப்பாடும் பிழைப்பும் பலரை வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கடல் கடந்தும் கொண்டுபோய்விட்டன. போர்த்துக்கேயர் இதைப் பசுக்களின் தீவு என்றார்கள். பின்னால் வந்த ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினார்கள். காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது, ஊர்காவற்றுறைத் தீவு லைடன் ஆனது. அந்தப் பெயர்களெல்லாம் வரைபடங்களோடு போய்விட்டன. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் என்ற பெயர் மட்டும் இன்றுவரை அரசாங்கக் காகிதங்களில் வாழ்கிறது. பஸ் நிலையத்தில் யாராவது 'டெல்ஃப்ட்' என்றால் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்.

முதலில் நாளைத் தெரிவு செய்யுங்கள்

தைமாத நடுவிலிருந்து சித்திரைவரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் பச்சையாக இருக்கும், கடலும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வைகாசி தொடங்கியதும் தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று எழும்பும். ஆவணி புரட்டாசிவரை அது விடாது. அந்த மாதங்களிலும் படகு ஓடும். ஆனால் ஓட்டம் ஆட்டமாக இருக்கும். தீவு காய்ந்து பழுப்பேறியிருக்கும், கிணறுகள் வற்றும். ஐப்பசி முதல் மார்கழிவரை வடகீழ்ப் பருவமழை. அக்காலத்தில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று வங்கக் கடலில் உருவானாலே படகுச் சேவையை நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாள் விடுமுறையை அதற்குப் பணயம் வைக்க வேண்டாம்.

மாதத்தைப் போலவே வாரத்தையும் பார்க்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஒரே இறங்குதுறை, குறிகட்டுவான். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இருப்பதால், பௌர்ணமி விடுமுறை நாள்களில் தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஆனி மாதத்து அம்மன் திருவிழா நாள்களைச் சொல்லவே வேண்டாம். மாசி பங்குனி அளவில் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வரும்போது அதற்கும் இதே துறையிலிருந்துதான் படகுகள் புறப்படும். இந்த மூன்றையும் நாட்காட்டியில் பார்த்துத் தவிர்த்துவிட்டால் பாதிச் சிரமம் குறையும். தனி அமைதியைத் தேடிப் போகிறவர் ஆயிரம் பேர் நிற்கும் வரிசையில் தொடங்கக் கூடாது.

தங்குமிடத்தை உறுதி செய்யாமல் புறப்படாதீர்கள்

தீவில் விடுதிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சிலர் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினருக்கு விடுகிறார்கள். இணையத்தில் காணும் படங்களை நம்பிப் பணம் கட்டுவதைவிட, தொலைபேசியில் பேசி நாலு கேள்வி கேட்பது மேல். இரவுச் சாப்பாடு தருவார்களா? குளிக்கும் தண்ணீர் நன்னீரா, உவரா? துறையிலிருந்து அழைத்துப் போக வண்டி அனுப்புவார்களா? இரவில் மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு? இந்த நாலுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவர் வீட்டில் தங்கலாம். 'வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்' என்று மட்டும் சொல்கிறவரிடம் இன்னொரு முறை கேளுங்கள். கூடாரம் அடித்துக் கடற்கரையில் படுக்கும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் ஊரவர்களிடமும் கடற்படையினரிடமும் கேட்டுவிட வேண்டும். இது எல்லைக் கடலோரம். இரவில் கடற்கரையில் தெரியாத வெளிச்சம் தெரிந்தால் விசாரிக்க வருவார்கள்.

சாப்பாட்டு விருப்பத்தையும் முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர் மீனுக்குச் சொல்லி வைக்க வேண்டும், கறிக்கு வேண்டியதைச் சிலவேளை யாழ்ப்பாணத்திலிருந்தே எடுப்பிக்க வேண்டும். சைவ உணவுக்காரர்கள் இதை இருமடங்கு அழுத்திச் சொல்வது நல்லது. கடலோர ஊரில் மரக்கறிதான் அரிது.

பையில் போட வேண்டியவை

காசு. சில்லறைத் தாள்களாக, எண்ணியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. வண்டிக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் அட்டையை வாங்க மாட்டார்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மாற்றித் தரவும் முடியாது.

அடையாள அட்டை, வெளிநாட்டவர் என்றால் கடவுச்சீட்டு. துறையில் கடற்படையினர் பெயரைப் பதியும்போது கேட்கலாம்.

குடிதண்ணீரை ஒரு நாளுக்குப் போதுமான அளவு கொண்டுபோங்கள். தொப்பியும் கடினமான அடியுள்ள செருப்பும் கட்டாயம். தீவு முழுவதும் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புக் கல்லும். மென்மையான ரப்பர்ச் செருப்பில் புல்வெளியைக் கடந்தால் மாலைக்குள் பாதம் புகார் சொல்லும். கைவிளக்கு, பவர் பேங்க், நுளம்புச் சுருள், வழக்கமாக எடுக்கும் மருந்து. தீவில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கடுமையான நோயாளியைப் படகில் ஏற்றித்தான் யாழ்ப்பாணம் அனுப்ப வேண்டும். ஆகவே சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு நாளுக்கு மேலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். படகு நின்றால் திங்கட்கிழமையும் அங்கேதான்.

பயணத் தீனிக்கு, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலும், பனம்பழச் சாற்றைக் காயவைத்த பனாட்டும் போல வேறெதுவும் இல்லை. யாழ்ப்பாணச் சந்தையில் வெள்ளிக்கிழமையே வாங்கிவிடலாம். கெடாது, நசுங்காது, வயிற்றைக் கலக்காது.

டிரோன் கொண்டுபோகிறவர்கள் அனுமதிப் பத்திரம் இல்லாவிட்டால் அதை வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

வெள்ளி இரவு யாழ்ப்பாணத்தில்

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் வெள்ளி இரவு பஸ்ஸில் ஏறி விடிகாலை யாழ்ப்பாணத்தில் இறங்கி, முகம் கழுவியதும் படகுக்கு ஓடலாம் என்று கணக்குப் போடுவார்கள். காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். நானூறு கிலோமீட்டர் உட்கார்ந்து வந்த உடம்போடு ஆடும் படகில் ஏறினால் என்ன நடக்கும் என்பதைக் காகிதம் சொல்லாது. முடிந்தால் வெள்ளி மாலைக்குள் வந்து நகரில் படுத்தெழும்புங்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பலாலி விமானமும், 2023 ஐப்பசியில் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலும் இருக்கின்றன. கப்பல் எல்லா நாளும் ஓடுவதில்லை, மழைக்காலத்தில் நிறுத்தப்படும். அதனால் அவர்கள் இதை வாரயிறுதிப் பயணமாக நினைக்காமல், யாழ்ப்பாணத்தில் நாலைந்து நாள் தங்கும் பயணத்துக்குள் ஒரு இரவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

குறிகட்டுவான்வரை

யாழ்ப்பாண மத்திய பஸ் நிலையத்திலிருந்து குறிகட்டுவானுக்கு 776ஆம் இலக்க பஸ் ஓடுகிறது. தூரம் முப்பது கிலோமீட்டர் சொச்சம் என்றாலும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று போய், வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவுக்குள் நுழைந்து, அதன் மறு நுனியில் துறைக்கு வந்து நிற்கும். இடப்பக்கமோ வலப்பக்கமோ யன்னலோரமாக உட்காருங்கள். இரண்டு பக்கமும் கடல்தான். பருவ காலத்தில் ஆழமற்ற நீரில் பூநாரைகள் நிற்பதையும் பார்க்கலாம். புங்குடுதீவில் கதவும் கூரையும் இல்லாமல் நிற்கும் கல்வீடுகளையும் கவனிப்பீர்கள். ஆட்கள் இடம்பெயர்ந்து போன வீடுகள் அவை.

காலைப் படகுக்கு 7.30 மணிக்குள் துறையில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு யாழ்ப்பாணத்தில் முதல் பஸ்ஸையோ அதற்கடுத்த பஸ்ஸையோ பிடிக்க வேண்டும். நாலு பேர் என்றால் ஓட்டோவோ வானோ பேசிக்கொள்ளலாம். சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் துறையருகே நிறுத்திவிட்டுப் போகலாம். இரவு முழுவதும் நிற்கப் போகிறது என்பதைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது வழக்கம். படகு நேரத்தை முதல் நாளே தங்குமிட வீட்டுக்காரரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். நேர அட்டவணை காற்றுக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ப மாறும். தீவில் இருப்பவருக்கு அது உடனே தெரியும், நகரத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

படகு

துறையில் இரண்டு வரிசை இருக்கும். ஒன்று நயினாதீவுக்கு, கால் மணி நேர ஓட்டம். மற்றது நெடுந்தீவுக்கு, ஏறத்தாழ ஒரு மணி நேரம். எந்த வரிசை என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். வடதாரகை, நெடுந்தாரகை, குமுதினி என்ற பெயர்களைக் கேள்விப்படுவீர்கள். இவற்றோடு தனியார் படகுகளும் ஓடும். எது முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறுங்கள். பெயரைத் தெரிந்தெடுக்கும் வசதி வாரயிறுதியில் கிடைக்காது.

இந்தப் படகு உல்லாசப் பயணிகளுக்காக ஓடவில்லை என்பதை ஏறும்போதே நினைவில் வைக்க வேண்டும். அரிசி மூட்டை, எரிவாயு உருளை, கோழித்தீவனம், சிகிச்சை முடிந்து திரும்பும் நோயாளி, ஊருக்குப் போகும் ஆசிரியர் எல்லாரும் எல்லாமும் இதில்தான். தீவுக்கு வேறு வழியே கிடையாது. ஊரவர்களை ஏறவிட்டுப் பிறகு ஏறுவதும், முதியவருக்கு இருக்கையைக் கொடுப்பதும், பெரிய பயணப்பையை நடுவழியில் வைக்காததும் போதும். அதற்குமேல் யாரும் உங்களிடம் எதிர்பார்ப்பதில்லை. நீச்சல் தெரிந்தாலும் உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் படகின் நடுவிலோ பின்பக்கமோ இருக்க வேண்டும். முன்நுனிதான் அதிகம் குதிக்கும். கீழ்த்தட்டில் டீசல் மணம் வரும். காற்றுப்படும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம், வயிறு முட்டவும் சாப்பிட வேண்டாம். இரண்டு துண்டு பாணும் இஞ்சித் தேநீரும் அளவாக இருக்கும். வாந்தி மாத்திரை எடுப்பவர்கள் பஸ்ஸில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் பயனில்லை.

இறங்கும் இடம் மாவிலித்துறை. அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15 அன்று, இதே வழித்தடத்தில் குறிகட்டுவானை நோக்கிப் போய்க்கொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊரில் அந்தப் படகோடு தொடர்பில்லாத குடும்பத்தைக் காண்பது கடினம். ஆண்டுதோறும் அந்த நாளில் இங்கே கூடுகிறார்கள். வண்டி பேசும் அவசரத்தில் இதைக் கடந்து போய்விடாதீர்கள். முன்னால் நின்று சிரித்துப் படம் எடுப்பதும் வேண்டாம்.

தீவுக்குள் வண்டி

துறையில் ஓட்டோக்களும் சிறிய லொறிகளும் நிற்கும். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குமா என்பதைத் தங்குமிடத்தில் கேளுங்கள். என் தேர்வு இதுதான்: சனிக்கிழமை தூரமான இடங்களுக்கு ஓட்டோ, ஞாயிற்றுக்கிழமை காலை பக்கத்து ஒழுங்கைகளுக்குச் சைக்கிள். தீவு மேடுபள்ளம் இல்லாத தட்டை நிலம். சைக்கிளுக்கு எதிரி வெய்யிலும் எதிர்க்காற்றும் மட்டுமே.

ஓட்டோ பேசும்போது 'தீவைச் சுற்றிக் காட்ட எவ்வளவு?' என்று கேட்டால், பகல் கூட்டத்துக்கு வைத்திருக்கும் வழக்கமான சுற்றையே காட்டுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். அதற்குப் பதிலாக, 'அண்ணை, நாங்கள் இரவு தங்குகிறோம், அவசரம் இல்லை. மூன்றரை மணிக்கு வந்து ஏற்றி, இருட்டும் வரை எங்களோடு நிற்க எவ்வளவு?' என்று கேளுங்கள். அவருக்கும் அது லாபம். மூன்றரைக்குப் பிறகு அவருக்கு வேறு ஆள் கிடைக்க மாட்டார். காத்திருப்புக் கூலியையும் சேர்த்தே பேசி முடியுங்கள்.

சனிக்கிழமை: வெய்யில் சரியும்வரை ஓய்வு

தங்குமிடத்துக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுங்கள். பகல் படகில் வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மூன்றரை மணிக்குப் பிறகு தொடங்கலாம். வழியெங்கும் நீங்கள் முதலில் பார்ப்பது கல்வேலி. மற்ற ஊர்களில் கிடுகாலும் கதியாலாலும் வேலி அடைப்பார்கள். இங்கே நிலத்தில் கிடந்த முருகைக்கற்களைச் சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளவுகளைப் பிரித்திருக்கிறார்கள். கற்களின் இடைவெளியால் காற்றுப் புகுந்து போவதால் சோழகத்துக்கும் வேலி சரிவதில்லை. தீவின் கட்டடக் கலை என்று கேட்டால் நான் கோட்டைக்கு முன் இதைத்தான் காட்டுவேன். ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். ஒரு கல் நழுவினால் ஒரு முழ நீளம் சரியும். அதை அடுக்குகிறவர் வீட்டு முதியவராக இருப்பார்.

பெருக்க மரம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அரேபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படுகிறது. மன்னாரிலும் இதே மரம் உண்டு. நெடுந்தீவு மரத்தின் அடி உள்ளே பொந்தாக இருப்பதால் ஆள் நுழைந்து நிற்கலாம். நுழைகிறவர்கள் உள்சுவரில் பெயரைக் கீறாமல் வெளியே வரும் பழக்கம் இன்னும் எல்லாருக்கும் வரவில்லை.

கோட்டை மருத்துவமனைக்குப் பின்புறமாக இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டியதாகவும் ஒல்லாந்தர் பயன்படுத்தியதாகவும் சொல்வார்கள். முருகைக்கல்லால் ஆன தடித்த சுவர்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. சுவர்கள் உறுதியாக இல்லை, மேலே ஏறாதீர்கள். பழைய நிர்வாகக் கட்டடங்களின் அருகே, தூணின்மேல் நிற்கும் புறாக்கூட்டையும் பாருங்கள். செய்தி கொண்டுபோகும் புறாக்களை வளர்த்த இடம் என்பது ஊர் வழக்கு. குழிகள் வரிசையாக இருக்கும் அந்தச் சிறு கட்டடம் எனக்குக் கோட்டையைவிடப் பிடிக்கும்.

மேற்குப் பக்கத்தில் வெடியரசன் கோட்டை என்று ஊரவர் அழைக்கும் இடிபாடுகள் உள்ளன. நாட்டார் கதைகளில் வெடியரசன் இத்தீவை ஆண்ட தலைவன். தொல்லியல் துறையினர் இங்குள்ள முருகைக்கல் கட்டுமானங்களைப் பௌத்தத் தூபிகள் என்கிறார்கள். அறிவிப்புப் பலகை ஒன்றைச் சொல்லும், ஓட்டோச் சாரதி இன்னொன்றைச் சொல்வார். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்ப் பௌத்தம் என்ற ஒன்று இக்கரையிலும் அக்கரையிலும் இருந்தது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால் சண்டைக்கு அவசியம் இருக்காது.

வளரும் கல், அனுமன் மிதித்ததாகச் சொல்லும் பெரிய பாதம் ஆகியவை வழியில் வந்தால் பாருங்கள். அவற்றுக்காக மாலை நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.

குதிரைகள்

இந்த நேரத்துக்காகத்தான் தங்கச் சொன்னேன். போர்த்துக்கேயர் காலத்தில் வந்து சேர்ந்தவை என்று கருதப்படும் குதிரைகளை ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இங்கே வளர்த்துப் பெருக்கினார்கள். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற அயர்லாந்துக்காரர் இந்த வளர்ப்புக்குப் பொறுப்பாக இருந்தார். வளர்ப்புக் கைவிடப்பட்டபோது குதிரைகள் தங்கிவிட்டன. இப்போது அவை காட்டுக் குதிரைகள். உருவம் சிறியது, கால்கள் குட்டை, வயிறு கொஞ்சம் தொங்கும். தென்பகுதிப் புல்வெளியில் கூட்டங் கூட்டமாக மேயும். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பழைய குதிரை லாயத்தின் தூண்கள் இன்னும் அந்தப் பக்கம் நிற்கின்றன. அருகே சாராப்பிட்டியில் வரிசையாகப் பழைய கிணறுகள். சுற்றிலும் கடலும் உவரும் இருக்க, இங்கே நன்னீர் ஊறுகிறது.

ஐந்து மணியளவில் அங்கே போய், வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து போங்கள். முப்பது நாற்பது அடிக்கு மேல் நெருங்க வேண்டாம். குட்டியோடு நிற்கும் தாய்க்குதிரையின் பக்கம் போகவே வேண்டாம், உதைக்கும். பாணோ பிஸ்கட்டோ போடாதீர்கள். மனிதரிடம் தீனி வாங்கப் பழகிய குதிரை வீதிக்கு வரும். வறட்சி மாதங்களில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் சாவதுண்டு. கோடையில் போகிறவர்கள் நலிந்த விலங்குகளையும் காண நேரிடும் என்பதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இருட்டிய பிறகு திரும்பும் வழியில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். சாரதியை அவசரப்படுத்தாதீர்கள்.

கடலும் கிணறும்

குளிக்கும் ஆசையில் கண்ட இடத்தில் இறங்காதீர்கள். கரையில் பெரும்பகுதி கல். மணல் உள்ள இடம் எது, நீரோட்டம் இழுக்காத நேரம் எது என்பதைக் கடற்றொழிலாளர்கள் சொல்வார்கள். உயிர்காப்பாளர் என்று யாரும் இருக்க மாட்டார். ஊர் மரியாதைக்கு ஏற்ற உடை அணிந்தே குளியுங்கள். முருகைக்கல்லையோ பவளத்தையோ நினைவுப் பொருளாகப் பையில் போடுவது சட்டப்படி குற்றம்.

கிணற்று நீர் விடயத்தில் ஒரு வேண்டுகோள். தங்குமிடத்தில் நீர் தாராளமாக வந்தாலும் அது எங்கிருந்தோ அள்ளியோ, சுத்திகரித்தோ, வண்டியில் ஏற்றியோ வந்தது. இரண்டு வாளியில் குளிப்பு முடியட்டும். நீங்கள் கொண்டுபோன பிளாஸ்டிக் போத்தல்களைத் திரும்பப் படகில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். தீவில் குப்பைக்குப் போக இடம் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு மீன்குழம்போ நண்டுக்கறியோ கணவாய்ப் பொரியலோ, புட்டோடு கிடைக்கும். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் குடிக்க விரும்பினால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். அது ஒரு வேளைச் சமையல் அல்ல, ஒரு வீட்டின் பிற்பகல் வேலை. சாப்பிட்ட பிறகு வீட்டுக்காரரோடு பேச்சுக் கொடுங்கள். தமிழாராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டுபோன தனிநாயகம் அடிகளின் தந்தைவழி ஊர் இது. பேச்சு அங்கே தொடங்கினால் வன்னிக் குடியேற்றம், கப்பலோட்டம், கனடா என்று நெடுநேரம் போகும். அதன்பின் வெளியே வந்து நிமிர்ந்து பாருங்கள். நகர வெளிச்சம் எட்டாத வானம்.

ஞாயிற்றுக்கிழமை

விடியலில் எழும்பிச் சைக்கிளில் ஒரு சுற்று. பனங்கூடலுக்குள் வெளிச்சம் இறங்கும் நேரம் படம் எடுக்கிறவர்களுக்கு மிகச் சிறந்தது. ஞாயிறு காலைப் பூசைக்குப் போகும் ஊரவர்களை வழியில் காண்பீர்கள். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ உள்ளே போனால் அதற்குரிய ஒழுங்கோடு போங்கள். குவிந்தா கோபுரம் என்ற பழைய கடல்வழி அடையாளக் கோபுரத்தைச் சனி மாலை பார்க்க முடியாதிருந்தால் இப்போது ஓட்டோவில் போய்வரலாம். அது துறையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்குங்கள்.

திரும்பும் படகை எப்போதும் கடைசிக்கு முந்தியதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகு நிறைந்துவிட்டாலோ இயந்திரம் பழுதானாலோ உங்களுக்குப் பின்னால் எதுவும் இல்லை. காலைப் படகில் குறிகட்டுவான் திரும்பிவிட்டால் அங்கிருந்தே நயினாதீவுக்குப் போய்க் கோயிலில் கும்பிட்டுவிட்டு வரலாம். அம்மன் கோயிலில் மதிய அன்னதானமும் உண்டு. கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் அன்று இரண்டாவது படகில் ஏற வேண்டாம்.

ஞாயிறு இரவுக் கொழும்புப் பஸ்ஸுக்கு ஆசனம் பதிவு செய்கிறவர்கள், குறிகட்டுவானில் இறங்கும் நேரத்துக்கும் பஸ் புறப்படும் நேரத்துக்கும் இடையே நாலு மணி நேரமாவது விடுங்கள். காற்றழுத்தத் தாழ்வு எச்சரிக்கை வந்தால் சனிக்கிழமையே திரும்புவதா, தங்குவதா என்று தீர்மானிக்க வேண்டிவரும். அப்போது வானிலைச் செயலியைப் பார்க்காமல் வீட்டுக்காரரையும் படகோட்டியையும் கேளுங்கள். 'நாளைக்குப் படகு சந்தேகம்' என்று அவர்கள் சொன்னால், அன்றைய பிற்பகல் படகிலேயே ஏறிவிடுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டாதவர்கள் மட்டும் தங்கலாம்.